நம்ம பேரு எந்தப் புத்தகத்தில் இருக்கு?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், புத்தகம் வாங்கும் தீர்மானத்தின் மீது நமது களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆறாவது தீர்மானம், "பெண்கள் தங்கள் அடையாளத்தை உணர உதவும் புத்தகங்கள் வாங்க ரூ.15,000 ஒதுக்குவது" என்று இருக்கிறது. வரவு செலவு, தணிக்கை, கடன் நிலுவை எல்லாம் பேசி முடித்து, சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாம்பார் வாசனை எனக்கும் வருகிறது. இருந்தாலும் இந்தத் தீர்மானத்தை அவசரமாகக் கை தூக்கி நிறைவேற்றிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த 15,000 ரூபாய் யாரோ கொடுத்த மானியம் இல்லை. நம்முடைய சந்தாப் பணம்.

போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில், "அடையாளம்னா என்ன?" என்று கேட்டேன். ஒரு அக்கா உடனே சுருக்குப் பையைத் திறந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். எல்லோரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அட்டையில் இருக்கிற பெயரைச் சொல்லி ஊரில் அவரை யாரும் கூப்பிட்டதே இல்லையாம். பிறந்த வீட்டில் 'கடைக்குட்டி'. வாக்கப்பட்ட ஊரில் 'மேலவீட்டு மருமக'. அப்புறம் பெரிய பையன் பேரைச் சொல்லி 'அவங்கம்மா'. "குழுவுல சேர்ந்த அன்னைக்கி வருகைப் பதிவுல என் பேரை வாசிச்சாங்க மேடம். யாரையோ கூப்பிடுறாங்கன்னு பேசாம உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்தவ இடிச்சா, ஏ ஒன்னயத்தான்னு" என்றார்.

நான் சமூகப்பணி படிப்பில் அடையாளம் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்தவள். அந்த அக்கா சொன்ன அளவுக்கு எந்தப் பாடமும் எனக்கு அதைப் புரிய வைத்ததில்லை.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் வேறொரு ஒன்றியத்தில் வேலை பார்த்தபோது, இதே மாதிரி ஒரு தொகையை என் கையில் கொடுத்தார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. டவுனுக்குப் போய் ஒரே கடையில் 60 புத்தகம் வாங்கி வந்தேன். எல்லாம் வெற்றி, சாதனை, தன்னம்பிக்கை. அட்டையில் கோட் போட்ட ஒருவர் மலை உச்சியில் கை விரித்து நிற்பார். ஆறு மாதம் கழித்து வழங்கல் பதிவேட்டைப் பார்த்தால், சமையல் குறிப்பும் பிள்ளைகளின் கதைப் புத்தகமும்தான் வெளியே போயிருக்கிறது. மற்றது எல்லாம் கட்டுப் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. ஒரு தங்கச்சியிடம் கேட்டேன். "எல்லாத்துலயும் நீ நினைச்சா முடியும்னு எழுதியிருக்கு மேடம். நான் நினைக்கிறதுக்குள்ள தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்துருது" என்றாள்.

அந்தப் புத்தகங்கள் கெட்டவை என்று சொல்லவில்லை. சிலருக்கு உதவலாம். ஆனால் அவை எல்லாமே உனக்கு ஒரு குறை இருக்கிறது, அதைச் சரி செய் என்றுதான் ஆரம்பிக்கும். அந்தக் குறையை நம்மிடம் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறார்கள், அதற்குக் காசு கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டாம். நான் யார் என்று ஒரு பெண் தெரிந்துகொள்ள, இன்னொரு பெண் 'நான் இப்படித்தான் இருந்தேன், எனக்கு இப்படி நடந்தது' என்று சொல்லும் புத்தகம்தான் கை கொடுக்கிறது. என் அனுபவத்தில் கண்டது இது.

வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி என்று ஒரு அம்மா இருந்தார். 12 வயதில் கல்யாணம். பெரிய குடும்பம், வரிசையாகப் பிள்ளைகள், நாளெல்லாம் அடுப்படி. பெண் படித்தால் ஆகாது என்று சொன்ன காலம் அது. அவருக்குப் படிக்கணும் என்று ஆசை. வீட்டில் இருந்த சைதன்ய பாகவதத்திலிருந்து ஒரு ஏட்டை எடுத்து அடுப்படியில் ஒளித்து வைத்துக்கொண்டார். பையன் எழுதிப் பழகிய ஓலையையும் எடுத்து, இந்த எழுத்தும் அந்த எழுத்தும் ஒன்றுதானா என்று சமையல் வேலைக்கு நடுவில் ஒப்பிட்டுப் பார்த்தே வாசிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். 1876-இல் 'அமார் ஜீபன்', அதாவது 'என் வாழ்க்கை' என்ற பெயரில் அச்சாகியது. வங்க மொழியில் ஒரு பெண் எழுதிய முதல் சுயசரிதை இது என்கிறார்கள். நம் குழுக்களில் கையெழுத்துப் போடப் பழகிய அம்மாக்களிடம் இந்தக் கதையைச் சொன்னால், "அடுப்படியிலயா ஒளிச்சு வச்சா? சரியான ஆளுதான்" என்று கன்னத்தில் கை வைத்துக் கேட்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம்ம வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992-இல் 'கருக்கு' என்று ஒரு புத்தகம் எழுதினார். பனை மட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பம் மாதிரி இருக்குமே, அதுதான் கருக்கு. விறகு பொறுக்கிய யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம், கையில் தழும்பே இருக்கும். கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதி இருப்பதைப் பார்த்து, வெளியே வந்தபின் எழுதியது. நாம் பேசுகிற பேச்சிலேயே எழுதியிருக்கிறார். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 2000-இல் கிராஸ்வேர்டு பரிசும் கிடைத்தது. தன் ஊர்க்காரர்களே முதலில் கோபப்பட்டார்கள் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இந்தப் புத்தகத்தை ஒரு குழுவில் வாசித்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஆறாவது தீர்மானத்தை நிறைவேற்றினால் நமக்கும் இது நடக்கும்.

அது இரண்டு தெருப் பெண்களும் கலந்து இருக்கிற குழு. சேமிப்பு வசூல் முடிந்ததும் பத்து நிமிடம் வாசிப்பு என்று வைத்திருந்தோம். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய சரட்டை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிற இடம் வந்தது. அந்தப் பிள்ளைக்கு அது வேடிக்கையாகத் தெரிகிறது, விழுந்து விழுந்து சிரிக்கிறது. வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொன்னால், அவர் சிரிக்கவில்லை. நாம் தொட்டால் தீட்டு என்றுதான் அப்படித் தூக்கிப் போனார் என்று சொல்கிறார்.

வாசித்த தங்கச்சி அங்கே நிறுத்தினாள். யாரும் பேசவில்லை. ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். இன்னொரு பக்கத்தில் ஒரு அம்மா, "இப்ப யாரு இதெல்லாம் பாக்குறா, பழசையெல்லாம் எதுக்குக் கிளறணும்" என்றார். அதற்கு எதிரே இருந்த ஒரு சின்னப் பெண், "பழசா? உங்க வீட்டுல எனக்குத் தண்ணி குடுத்த சொம்பு திண்ணையிலதான இருக்கு" என்று கேட்டுவிட்டாள். கூட்டம் அத்தோடு கலைந்தது. இரவே எனக்குப் போன்: "மேடம், நீங்க குழுவை ஒடைக்க வந்தீங்களா?"

எனக்குத் தூக்கம் இல்லை. ஒன்பது வருடக் குழு அது. வங்கியில் மூன்று முறை கடன் வாங்கி ஒரு தவணை தவறாமல் கட்டியவர்கள். ஒரு புத்தகத்தால் அது போய்விட்டால் நான் யாருக்குப் பதில் சொல்வது? அடுத்த வாரம் புத்தகத்தை எடுக்காமலேதான் போனேன், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அந்தத் திண்ணை வீட்டு அம்மாவே கேட்டார்: "அந்தப் பிள்ளை பெறகு படிச்சுச்சா இல்லையா? மிச்சத்த வாசிங்க." வாசித்தோம். ஐந்து வாரம் ஆயிற்று. இரண்டு பேர் சேமிப்புப் பணத்தை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு வாசிப்புக்கு வராமலே இருந்துவிட்டார்கள், இன்றுவரை வரவில்லை. திண்ணைச் சொம்பு இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, நான் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் எதிர்த்துக் கேட்ட அந்தச் சின்னப் பெண் இப்போது அந்தக் குழுவின் பிரதிநிதி. அவளைத் தேர்ந்தெடுத்தபோது முன்மொழிந்தவர் யார் என்று தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, அடையாளம் பற்றிய புத்தகம் எல்லோரையும் சந்தோஷப்படுத்தும் என்று நினைத்து வாங்க வேண்டாம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. புத்தகத்தை வீட்டில் எங்கே வைப்பது என்பதையும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். இதிலும் நான் பட்டிருக்கிறேன். துவரங்குறிச்சியில் பிறந்த சல்மா, 13 வயதில் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள்ளேயே இருந்து, புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் எழுதியவர். சல்மா என்பதே ஒளிந்துகொள்ள வைத்த புனைபெயர்தான். 2001-இல் உள்ளாட்சித் தேர்தலில் நின்று தலைவரானார். 2004-இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் வந்தது. 2025-இல் ராஜ்யசபா உறுப்பினரும் ஆனார். இவ்வளவையும் சொல்லி ஆசையாக அந்த நாவலை, கல்யாணமாகி ஒரு வருடமான ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். பெண்களின் உடம்பு, ஆசை எல்லாம் வெளிப்படையாக வரும் கதை அது. வீட்டில் யாரோ நடுப்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டார்கள். இரண்டு வாரம் அந்தப் பெண்ணைக் கூட்டத்துக்கு அனுப்பவில்லை. நான் போய் மாமியாரிடம் பேசி, திட்டு வாங்கி, கூட்டி வந்தேன். புத்தகத்தில் குற்றம் இல்லை. எனக்குத்தான் நிதானம் இல்லை. அந்த மாதிரிப் புத்தகம் நம் அலுவலக அலமாரியில் இருக்கட்டும், இங்கேயே உட்கார்ந்து வாசிக்கட்டும்.

வீட்டு வேலைக்குப் போகிற உறுப்பினர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பேபி ஹால்தார் என்பவர் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். சின்ன வயதிலேயே கல்யாணம், அடி உதை. 25 வயதில் மூன்று பிள்ளைகளோடு டெல்லிக்கு ரயில் ஏறியவர். குர்கானில் வேலை பார்த்த வீட்டில் அலமாரி துடைக்கும்போது புத்தகங்களைப் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கவனித்த பெரியவர், நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்து உன் கதையை எழுது என்றார். பாத்திரம் கழுவி முடித்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதியது, 2002-இல் இந்தியில் புத்தகமாக வந்தது.

லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' 2007-இல் வந்தது. ஆணாகப் பிறந்ததாக ஊர் சொன்ன ஒருவர், நான் பெண் என்று நிலைநாட்டப் பட்ட பாடு. திருநங்கை சகோதரிகளைக் குழுவில் சேர்ப்பதா என்று ஒரு ஊரில் மூன்று கூட்டமாகப் பேச்சு ஓடுகிறது. அங்கே முதலில் இந்தப் புத்தகம் போக வேண்டும்.

ராஜம் கிருஷ்ணன் அம்மாவை விட்டுவிடக் கூடாது. தூத்துக்குடி உப்பளத்துப் பெண்களைப் பற்றி, அங்கே போய்ப் பார்த்து 'கரிப்பு மணிகள்' எழுதியவர். 'பாதையில் பதிந்த அடிகள்' என்ற நாவல் மணலூர் மணியம்மையைப் பற்றியது. இளம் வயதில் விதவையாகி, தலைமுடியைக் கிராப்பு வெட்டி, வேட்டி கட்டி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்ணையாட்களுக்காகப் போராடியவர். 2009-இல் ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் நாட்டுடைமை ஆயின. பல நூல்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மகளின் செல்போனில் எடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், காசு மிச்சம்.

காசு என்றதும் ஒன்று. கிளை நூலகத்தில் கேட்டு எடுத்து, ஒரு குழுவிலாவது முதல் பத்துப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். எழுத்து பொடியாக இருந்தால் நாற்பது தாண்டியவர்கள் தொட மாட்டார்கள். கடைக்காரர் கழிவு தருகிறார் என்பதற்காக மொத்தமாக அள்ளி வரக் கூடாது. நான் அள்ளினேன், அந்த 60 புத்தகத்தில் பாதி இன்னும் கட்டில்தான் கிடக்கும்.

ஆகவே என் வேண்டுகோள்: தீர்மானத்தில் ஒரு திருத்தம். ரூ.15,000-ஐ ஒரே நேரத்தில் செலவு செய்ய வேண்டாம், மூன்று தவணையாக வைப்போம். தேர்வுக் குழுவில் ஐந்து பேர். அதில் இரண்டு பேராவது வாசிக்கத் தெரியாதவர்களாக இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், யோசித்துத்தான் சொல்கிறேன். ஆதார் அட்டை அக்காவிடம் கேட்டேன், சம்மதித்துவிட்டார். "வாசிக்கச் சொல்லிக் கேப்பேன். கொட்டாவி வந்துச்சுன்னா அது வேண்டாம்னு சொல்லிருவேன்" என்கிறார்.

செயலாளர் இப்போது திருத்தத்தோடு தீர்மானத்தை வாசிப்பார்கள். தேர்வுக் குழுவுக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் கொடுங்கள். உங்கள் சொந்தப் பெயர், வீட்டுக்காரர் பெயர் தேவையில்லை. சாப்பாடு அதற்கப்புறம்.