காப்பகமும் சமையலறையும்: சோசலிச ஜெர்மனியில் உழைக்கும் பெண்கள்



ஜெர்மன் ஜனநாயகக் குடியரசைப் பற்றிய பேச்சு இன்று பெர்லின் சுவரில் தொடங்கி அந்தச் சுவரிலேயே முடிந்துவிடுகிறது. 1949 அக்டோபர் 7 முதல் 1990 அக்டோபர் 3 வரை அங்கே ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தார்கள். ஆலைக்குப் போனார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள், கடை வரிசையில் நின்றார்கள். அந்த அரசு சாதித்ததும் தவறியதும் அந்த அன்றாட வாழ்க்கையில்தான் பதிந்திருக்கின்றன. உழைக்கும் பெண்ணின் வாழ்க்கையில் அவை இரண்டையும் அருகருகே காணலாம்.

1970களில் வெளிவந்த தமிழ்த் திரைப்படங்களின் பெயர்ப்பட்டியலில் ‘ஆர்வோ கலர்’ என்ற சொற்களைப் பார்த்தவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அந்தப் படச்சுருள் கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபென் நகர ஆலையில் தயாரானது. வெளிச்சம் பட்டால் பாழாகிவிடும் பொருள் என்பதால் பல பிரிவுகளில் வேலை இருட்டிலேயே நடந்தது. அங்கே உழைத்தவர்களில் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

அவர்கள் ஆலைக்கு வந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கொள்கை. பெண் விடுதலை உற்பத்தியில் பங்கேற்பதிலிருந்தே தொடங்குகிறது என்பது ஆகஸ்ட் பெபல், கிளாரா ஜெட்கின் காலத்திலிருந்தே ஜெர்மன் தொழிலாளர் இயக்கத்தின் நிலைப்பாடு. மற்றொன்று, ஆள் பற்றாக்குறை. போரில் ஆண்கள் பெருமளவில் மடிந்திருந்தனர்; 1961 ஆகஸ்டில் எல்லை மூடப்படும் வரை ஏறத்தாழ 27 லட்சம் பேர் மேற்கே சென்றுவிட்டனர். கொள்கையை மட்டும் சொல்லித் தேவையை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆனால், அதே தேவை மேற்கு ஜெர்மனிக்கும் இருந்தது. அது வெளிநாட்டுத் தொழிலாளர்களை வரவழைத்துக்கொண்டது. குடும்பக் கடமைகளுக்கு இடையூறு இல்லாதவரையில் மட்டுமே மனைவி வேலைக்குப் போகலாம் என்ற விதி 1977 வரை அதன் உரிமையியல் சட்டத்தில் நீடித்தது. கிழக்கிலோ, தாய் சேய் பாதுகாப்பு மற்றும் பெண்ணுரிமைச் சட்டம் 1950லேயே வந்துவிட்டது. 1965ஆம் ஆண்டின் குடும்பச் சட்டம் பிள்ளை வளர்ப்பும் வீட்டு வேலையும் கணவன், மனைவி இருவரின் பொறுப்பு என எழுதிவைத்தது.

எழுதிவைத்ததோடு நிற்கவில்லை. 1980களின் இறுதியில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 80 சதவீதத்தினருக்குக் காப்பகத்தில் இடம் இருந்தது. அடுத்த வயதினருக்கான மழலையர் பள்ளிகளில் இது 90 சதவீதத்தையும் தாண்டியது. பெற்றோர் செலுத்தியது உணவுக்கான சிறு தொகை மட்டுமே. 1976 முதல் இரண்டாவது குழந்தைக்கும், 1986 முதல் முதல் குழந்தைக்கும் ஓராண்டு ஊதியத்துடன் கூடிய விடுப்பு கிடைத்தது. பழைய வேலை அப்படியே காத்திருந்தது. படித்துக்கொண்டிருந்தவர்களையும் பயிற்சியில் இருந்தவர்களையும் சேர்த்தால், உழைக்கும் வயதுப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் வேலையில் இருந்தனர். 1972 மார்ச் 9 அன்று, கருவுற்ற முதல் 12 வாரங்களுக்குள் முடிவெடுக்கும் உரிமை பெண்ணுக்கே சட்டமாக வழங்கப்பட்டது. மக்கள் அவையில் எதிர்த்து வாக்களித்தவர்கள் 14 பேர். அதுவரை எல்லாம் ஒருமனதாகவே நிறைவேறி வந்த அவை அது.

மாலையில் வீடு திரும்பிய பிறகு என்ன நடந்தது? குடும்பச் சட்டம் என்ன சொன்னாலும் அடுப்பும் துணிதுவைப்பும் பெரும்பாலும் அவளிடமே இருந்தன. இதற்கு அரசு கண்ட தீர்வு, மாதம் ஒரு நாள் ஊதியத்துடன் ‘வீட்டுப்பணி நாள்’. நல்ல சலுகைதான், பெண் தொழிலாளர்கள் அதை விரும்பினார்கள். அது யாருக்கு வழங்கப்பட்டது என்பதில்தான் சிக்கல். 1952இல் அது பெண்களுக்கு மட்டுமே தரப்பட்டது. ஆண்களில் சிலர், அதுவும் தனியாகப் பிள்ளை வளர்ப்பது போன்ற நிபந்தனைகளுடன், 1977இல்தான் சேர்க்கப்பட்டனர். வீட்டு வேலை பெண்ணுடையது என்ற பழைய வழக்கத்துக்குச் சோசலிச அரசே முத்திரை குத்திவிட்டது. திங்கட்கிழமை விட்டு வாரக் கடைசியில் அழைத்துவரும் வாரக் காப்பகங்களும் இருந்தன. தாயின் பணிமுறை நேரத்துக்கு அவை வசதியாக இருந்தன; அங்கே வளர்ந்தவர்களில் பலர் இன்று அந்தப் பிரிவின் வேதனையைப் பேசுகிறார்கள்.

இவற்றையெல்லாம் முடிவு செய்த இடத்தில் பெண் இருந்தாளா? ஐக்கிய சோசலிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக் குழுவில் வாக்குரிமை பெற்ற முழு உறுப்பினராக ஒரு பெண்கூடக் கடைசிவரை இடம்பெறவில்லை.

பெண்களுக்கு மட்டும் நேர்ந்த குறையுமல்ல இது. ரொட்டி மலிவு, வாடகை மிக மலிவு. காருக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருப்பு. 1977இல் உலகச் சந்தையில் காப்பி விலை ஏறியபோது, பாதியளவு மாற்றுப்பொருள் கலந்த காப்பித்தூள் கடைக்கு வந்தது. மக்கள் கொதித்தெழுந்து முறையீடு எழுதினார்கள். முறையீட்டுக்கு நான்கு வாரங்களுக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டம், பதிலும் வந்தது. தனித்தனியாக எழுதலாம், பதில் பெறலாம். ஆனால் சேர்ந்து கூட்டம் போட்டால் அரசுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கண் விழும். 1989இல் அதன் முழுநேர ஊழியர்கள் மட்டும் சுமார் 91,000 பேர். முதலாளித்துவ ஊடகங்கள் ஊதிப் பெருக்கிய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது, தோழர்களே. தொழிலாளர் பெயரால் ஆண்ட அரசு தொழிலாளரையே வேவு பார்த்தது.

1989 நவம்பர் 4 அன்று பெர்லின் அலெக்சாண்டர் சதுக்கத்தில் லட்சக்கணக்கானோர் திரண்டபோது, கிறிஸ்டா வோல்ஃப், ஸ்டீஃபன் ஹைம் போன்றோர் பேசியது சோசலிசத்தைச் சீர்திருத்துவது பற்றித்தான். அடுத்த மாதம் சுயேச்சைப் பெண்கள் சங்கம் உருவானது. காப்பகத்தையும் வேலையுரிமையையும் காக்கவேண்டும், ஆணாதிக்கத்தையும் ஒழிக்கவேண்டும் என்று கேட்ட அமைப்பு அது. மிகத் தாமதமாகப் பிறந்த அமைப்பு. 1990 மார்ச் தேர்தலில் அது பசுமைக் கட்சியுடன் சேர்ந்து நின்று பெற்றது 1.97 சதவீத வாக்குகளும் 8 இடங்களும். அந்த எட்டும் பசுமைக் கட்சியினருக்கே போயின. நாற்பதாண்டுகள் மேலிருந்து வழங்கப்பட்ட உரிமைகளைக் கீழிருந்து காத்து நிற்க, மக்கள் கையில் பழகிய அமைப்பு எதுவும் இல்லை.

பிறகு நடந்தது விரைவாக நடந்தது. பொதுத்துறை ஆலைகள் அறக்கட்டளை நிறுவனத்தின் வழியே விற்கப்பட்டன, மூடப்பட்டன. முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெண்களே அதிகம். கிழக்கில் 1989இல் சுமார் 1,99,000 குழந்தைகள் பிறந்தன. 1994இல் 79,000-க்கும் குறைவு. பிள்ளைகள் குறைந்ததால் காப்பகங்களும் மூடப்பட்டன. 1972ஆம் ஆண்டின் சட்டம் போய், கருக்கலைப்பு மீண்டும் குற்றவியல் சட்டத்துக்குள் வந்தது. 1995 முதல் கட்டாய ஆலோசனைக்குப் பின் தண்டனை இல்லை என்ற அளவில் நிற்கிறது. ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பக வசதி சட்டப்படியான உரிமை என்பதை ஒன்றுபட்ட ஜெர்மனி ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2013 ஆகஸ்ட் 1 அன்று.