முன்னால் நின்ற ஐரிஷ் சிப்பாய்கள்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிமாருக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



வெள்ளைக்காரப் பட்டாளம் என்றால் எல்லாரும் இங்கிலாந்துக்காரர் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. 1830ஆம் ஆண்டளவில் அந்தப் பட்டாளத்தில் பத்துக்கு நாலு பேர் அயர்லாந்துக்காரர்கள். அயர்லாந்தும் பிரித்தானியாவின் பிடியில் இருந்த நாடுதான். பிறகு ஏன் தங்களை அடக்கி ஆண்ட அரசுக்கே துப்பாக்கி தூக்கினார்கள்? வறுமைதான் பெரிய காரணம். பட்டாளத்தில் சாப்பாடும் உடுப்பும் சம்பளமும் கிடைத்தன. 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கி, அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து இலட்சம் பேர் மாண்டார்கள். அந்தக் காலத்தில்தான் நம் முன்னோரும் பிழைப்புத் தேடிக் கண்டிச்சீமைக்கு நடந்து வந்தார்கள்.

1920இல் பஞ்சாபின் ஜலந்தர் முகாமில் கொனாட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் படைப்பிரிவு இருந்தது. தங்கள் ஊரில் பிரித்தானியப் படைகள் மக்களை வதைக்கின்றன, வீடுகளைக் கொளுத்துகின்றன என்ற செய்தி அவர்களுக்கு வந்தது. ஜூன் 28ஆம் திகதி ஒரு சிலர் வேலை செய்ய மறுத்தார்கள். மளமளவென்று பலர் சேர்ந்தார்கள். தங்கள் நாட்டில் நடக்கும் அதே அநியாயத்தைத்தான் இந்தியாவில் தாங்கள் செய்கிறோம் என்று உணர்ந்ததாக, அவர்களில் ஒருவர் பின்னாளில் சொன்னார். அமிர்தசரஸ் படுகொலை நடந்து அப்போது ஒரு வருடந்தான் ஆகியிருந்தது.

சோலன் முகாமுக்கும் மறுப்பு பரவியது. அங்கே சிலர் ஆயுதக் களஞ்சியத்தைப் பிடிக்கப் போனபோது காவலர் சுட்டதில் இருவர் இறந்தார்கள். இராணுவ நீதிமன்றம் பலருக்கு மரண தண்டனை விதித்தது. பிறகு மற்றவர்களின் தண்டனையைச் சிறையாகக் குறைத்தார்கள். சோலனில் முன்னால் நின்ற ஜேம்ஸ் டாலியை மட்டும் நவம்பர் 2ஆம் திகதி டக்ஷாய் சிறையில் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 20.

சிறையிலிருந்தவர்கள் 1923இல் விடுதலையானார்கள். பட்டாளத்து ஓய்வூதியம் அவர்களுக்கு இல்லை. அவர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்க அயர்லாந்து அரசு சட்டம் போட்டது 1936இல். டாலியின் உடல் சொந்த ஊருக்குத் திரும்பியது 1970இல்.

தோழர்களே, கூட்டத்தை அடக்க நினைப்பவன் முன்னால் நிற்பவனைத்தான் முதலில் பிடிப்பான். அது நமக்கும் தெரியும். ஆனால் முன்னால் நின்றவனை நாமே 13 வருடம் காக்க வைக்கலாமா? போராட்டத்தில் ஒருவருக்கு வேலை போனால், அன்று மாலையே அவர் லயத்துக்குப் போங்கள். அடுப்பு எரிகிறதா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று பாருங்கள். சங்கத்தின் முதல் வேலை அதுதான்.