'ஆயத்தம்' என்னும் ஒரு சொல்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"சாப்பாடு தயார்" என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது. கைகழுவி வந்து அமர்கிறோம். குழம்போ அடுப்பிலே கொதித்துக்கொண்டிருக்கிறது! தாய்மார்கள் பொய்யுரைக்கவில்லை. 'தயார்' என்பதற்கு அவர்கள் கொண்ட பொருள் ஒன்று. பசித்தவன் கொண்ட பொருள் வேறு. வீட்டிலே இது நகைப்போடு முடிகிறது. ஆனால், நாம் வாழும் இத்தில்லி மாநகரிலே, இதே சொல் ஓர் ஆட்டக்காரரை ஒரு பந்தும் ஆடாமலே வெளியேற்றியது.

2023 நவம்பர் 6ஆம் நாள். பெரோஸ் ஷா கோட்லா மைதானத்திலே உலகக் கோப்பை ஆட்டம்; இலங்கையும் வங்காள தேசமும் பொருதின. சமரவிக்ரம ஆட்டமிழந்தபின் ஏஞ்சலோ மாத்யூஸ் களம் புகுந்தார். தலைக்கவசத்தின் வாரை இழுத்தார், அறுந்தது. வேறு கவசம் கொணருமாறு கைகாட்டினார். எதிரணித் தலைவர் ஷகிப் அல் ஹசன் முறையிட்டார். காலம் கடந்ததென நடுவர்கள் தீர்ப்பளித்தனர். பன்னாட்டுக் கிரிக்கெட்டிலே இவ்வாறு வெளியேறிய முதல் ஆட்டக்காரர் அவரே.

பொதுவிதி தரும் அவகாசம் 3 நிமிடம். அப்போட்டியிலோ 2 நிமிடம். அதற்குள் அடுத்த பந்தை எதிர்கொள்ள 'ஆயத்தமாக' இருத்தல் வேண்டும். ஆயத்தம் என்பது யாது? களத்துக்கு வந்து சேர்தலா? கவசம் பூட்டி, நிலையெடுத்து, பந்தை நோக்கி நிற்றலா? உரிய நேரத்தில் வந்துவிட்டதாக மாத்யூஸ் வாதிட்டார். வந்தது போதாது என்றனர் நடுவர்கள்.

விதிகளைக் காத்துவரும் மேரில்போன் கிரிக்கெட் கழகம் பின்னர் விளக்கம் தந்தது. வார் அறுந்தபோது 1 நிமிடம் 54 வினாடி கழிந்திருந்தது. அவர் நிலையெடுக்கத் தொடங்கவில்லை. ஆகவே தீர்ப்புச் சரியே என்றது. மற்றொன்றும் கூறியது: அந்த 2 நிமிடத்துக்குள் கவசம் பழுதானதை நடுவரிடம் தெரிவித்திருந்தால், அதனை வேறுவகைத் தாமதமாகக் கொண்டிருக்கலாம். எஞ்சிய 6 வினாடியிலே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது!

முறையிடும் உரிமையை விதி எதிரணிக்கு அளிக்கிறது. முறையிட்டே தீரவேண்டுமென்று கட்டளையிடவில்லை. முறையீட்டைத் திரும்பப் பெறுகிறாரா என்று நடுவர்கள் கேட்டும் ஷகிப் இசையவில்லை. வங்காள தேசம் 3 விக்கெட்டில் வென்றது. ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் கைகுலுக்காமலே பிரிந்தனர்.

நூலுக்கு உரை வேண்டுமென்பதைத் தமிழர் நன்கறிவர். குறளுக்கே பரிமேலழகர் முதலானோர் உரை கண்டனரன்றோ? விதிக்கும் உரை வேண்டும். அது ஆட்டத்துக்கு முன்பே வேண்டும்.

இளஞ்சிறார்களே! நம் குடியிருப்பின் பூங்காவிலே மாலைதோறும் ஆடுகிறீர்கள். சுவரிலே பட்டால் நான்கா, மரத்திலே பட்டால் ஆட்டமிழப்பா என்பதை முதற்பந்துக்கு முன்னரே பேசி முடியுங்கள். ஐயமெழுந்தால் உடனே கேளுங்கள். ஆட்டத்துக்கு முன் பேசினால் அது விதி. பின் பேசினால் வழக்கு. தோற்றாலும் வென்றாலும் கைகோத்து வீடு திரும்புங்கள்.