வலியை மொழிபெயர்த்தல்

எமது சபையின் நூலக மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் மாலையில், சபையின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஆற்றிய உரை, அன்று கலந்துகொள்ள இயலாத குடியிருப்பாளர்களின் நன்மை கருதி இங்கே தரப்படுகிறது.



சென்ற மாதம் இதே மண்டபத்தில் ஓய்வுபெற்ற உதைபந்தாட்ட வீரர் ஒருவர் உங்கள் கேள்விகளுக்கு விடையளித்தார். அவர் அருகில் அமர்ந்து இரு மொழிகளுக்கும் இடையே பாலமாக இருக்கும் பணி எனக்கு அளிக்கப்பட்டிருந்தது. அன்று கூறப்பட்டவற்றைத் தமிழில் தொகுத்துத் தருமாறு பலர் கேட்டதனாலேயே இன்று உங்கள் முன் நிற்கின்றேன். தம் பெயரை விட்டுவிட்டுச் செய்தியை மட்டும் எடுத்துச் செல்லுமாறு அவர் கேட்டுக்கொண்டார். அவ்வண்ணமே செய்கின்றேன்.

நான் சட்டம் பயின்றவன். ஒருவர் சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் மறுமொழிக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது என் தொழிலின் முதல் விதி. அந்த விதி மீறப்பட்டால் ஒரு பிள்ளைக்கு என்ன நேரக்கூடும் என்பதை இவ்வுரையின் பிற்பகுதியில் என் வீட்டிலிருந்தே எடுத்துக்காட்ட இருக்கின்றேன். முதலில் அன்றைய கேள்விகளுக்கு வருவோம்.

முதற் கேள்வி ஒரு தாயாருடையது. “என் மகனுக்குப் பத்து வயது. வாரத்திற்கு எத்தனை மணி நேரம் பயிற்சி செய்ய வேண்டும்?”

வீரர் எளிய அளவுகோல் ஒன்றைத் தந்தார். பிள்ளையின் வயது எத்தனையோ, ஒழுங்கமைக்கப்பட்ட பயிற்சியும் போட்டியும் வாரத்தில் அத்தனை மணி நேரத்தைத் தாண்டலாகாது. விளையாட்டு மருத்துவத் துறையினர் பலரும் பரிந்துரைக்கும் வரம்பு இதுவே. பத்து வயதுப் பிள்ளைக்குப் பத்து மணி நேரம் என்பது உச்ச எல்லை. அதனை எட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது, இயன்றால் இரண்டு நாட்கள், முழு ஓய்வு வேண்டும். உறக்கமும் பயிற்சியின் ஒரு பகுதியே. 6 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரையானோருக்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை. பாடசாலை, மாலை வகுப்பு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, நடன வகுப்பு, அதன் பின் உதைபந்தாட்டம் என்று நம் பிள்ளைகளின் வாரம் நிரம்பி வழிவதை நான் அவருக்கு விளக்கினேன். அவர் புன்னகைத்து, “அப்படியானால் முதலில் உறக்கத்திற்கு ஓர் இடம் ஒதுக்குங்கள்” என்றார்.

இரண்டாவது கேள்வி ஒரு தந்தையாருடையது. பார்ன்ஸ்லி கழகத்தின் முதல் அணிக்காக ஆடிய விமல் யோகநாதனைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து அவருடைய மகன் வேறெதையும் பேசுவதில்லையாம். அம்மகனும் அந்த நிலையை அடைய வழி உண்டா என்று கேட்டார்.

வேல்ஸில் வளர்ந்த ஒரு தமிழ் இளைஞர் இங்கிலாந்தின் தொழில்முறை மைதானத்தில் இறங்கியது நம் எல்லோருக்கும் பெருமை தரும் செய்தியே. வீரரும் அதனை மகிழ்வோடு ஏற்றுக்கொண்டார். ஆயினும் ஒன்றை ஒளிக்காமல் சொன்னார். தொழில்முறைக் கழகங்களின் பயிற்சிக்கூடங்கள் 9 வயதிற்குட்பட்டோர் பிரிவிலிருந்தே பிள்ளைகளைப் பதிவு செய்கின்றன. அவ்வாறு நுழைவோரில் மிகப் பெரும்பாலானோர் தொழில்முறை வீரர்களாக ஆவதற்கு முன்னரே விடுவிக்கப்படுகின்றனர். விடுவிக்கப்படும் நாளில் அப்பிள்ளையிடம் கல்வியும், நண்பர்களும், விளையாட்டின் மீதான அன்பும் எஞ்சியிருக்க வேண்டும். “அந்த நாளுக்கும் சேர்த்தே பிள்ளையை வளர்த்துக்கொள்ளுங்கள்” என்பதே அவருடைய விடை.

மூன்றாவது கேள்வி காயங்களைத் தவிர்ப்பது பற்றியது. அவர் “இலெவன் பிளஸ்” என்று தொடங்கியதும் மண்டபத்திலிருந்த பெற்றோர் பலர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கவனித்தேன். அவர் குறிப்பிட்டது நம் பிள்ளைகள் எழுதும் நுழைவுத் தேர்வை அன்று. அது உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபீஃபாவின் துணையுடன் உருவாக்கப்பட்ட உடற்பயிற்சி முறையின் பெயர். ஏறத்தாழ 20 நிமிடங்கள் எடுக்கும். முதலில் மெதுவான ஓட்டம். அடுத்துத் தசை வலிமை, சமநிலை, பாய்ந்து இறங்குதல் ஆகியவற்றுக்கான பயிற்சிகள். இறுதியில் விரைவான ஓட்டம். 13 முதல் 17 வயது வரையான பெண் பிள்ளைகளிடையே நோர்வேயில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், இம்முறையைப் பின்பற்றிய அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. பயன் கிடைக்க வேண்டுமாயின் வாரத்தில் இரண்டு முறையாவது செய்தல் வேண்டும். சிறு பிள்ளைகளுக்கெனத் தனி வடிவமும் உண்டு. உங்கள் பிள்ளையின் அணி இதனைச் செய்கிறதா என்று பயிற்றுநரிடம் கேட்பதில் தவறேதும் இல்லை.

நான்காவது கேள்வியைக் கேட்டவன் பதின்மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன். அவன் ஆங்கிலத்திலேயே கேட்டான்: “உங்களுக்கு வலித்தபோது பயிற்றுநரிடம் சொன்னீர்களா?”

அதுவரை தடையின்றி விடையளித்தவர் சற்றுத் தயங்கினார். பின்னர், “இல்லை, மறைத்தேன்” என்றார். பதினைந்தாவது வயதில் முழங்கால் வலியைப் பல வாரங்கள் எவரிடமும் சொல்லாமல் ஆடினாராம். சொன்னால் தம் இடத்தை வேறொருவன் எடுத்துக்கொள்வான் என்ற அச்சமே காரணம். இன்று படியேறும்போதெல்லாம் அந்த வாரங்கள் அவருக்கு நினைவுக்கு வருகின்றனவாம்.

அவ்விடையை நான் தமிழில் சொல்லி முடித்தபோது என் குரல் தழுதழுத்ததைச் சிலர் கவனித்திருக்கலாம். அதற்கான காரணத்தை இன்று சொல்கின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் மகன் உள்ளூர் அணியொன்றில் ஆடி வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருந்தது. என் துணைவியார் அவனை அழைத்துச் சென்றார். அக்காலத்தில் அவருக்கு ஆங்கிலம் அதிகம் பழக்கமில்லை. பந்துக்காகப் பாய்ந்தபோது மகனின் தலை இன்னொரு பிள்ளையின் தலையுடன் மோதியது. ஆட்டம் முடிந்ததும் பயிற்றுநர் என் துணைவியாரிடம் வந்து நீண்ட நேரம் பேசினார். அருகில் நின்ற மகனே உரைபெயர்த்தான். “நான் நன்றாக ஆடினேன் என்று சொல்கிறார், அம்மா” என்றான். என் துணைவியாரும் நன்றி கூறி வீடு திரும்பினார்.

பயிற்றுநர் உண்மையில் சொன்னது வேறு. தலையில் பலமாக அடிபட்டிருக்கிறது, இன்றிரவு கவனமாகப் பாருங்கள், மருத்துவ ஆலோசனை பெறுங்கள், அடுத்த ஆட்டங்களுக்கு வர வேண்டாம் என்பதே அவருடைய செய்தி. செவ்வாய்க்கிழமை பாடசாலை விளையாட்டு நேரத்தில் மகன் ஓடினான். தலைவலியும் வாந்தியுமாக வீடு வந்தான். அன்று மாலை நலம் விசாரிக்கப் பயிற்றுநர் தொலைபேசியில் அழைத்தபோதுதான் உண்மை எங்களுக்குத் தெரியவந்தது. நல்வாய்ப்பாக அவன் முற்றிலும் குணமடைந்தான்.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். “ஒரு ஆட்டம் தவறினாலும் இடம் போய்விடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அப்பா” என்றான். ஊரெல்லாம் பிறருக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நான், என் வீட்டில் அப்பணியைக் காயப்பட்ட ஒரு சிறுவனிடம் விட்டிருந்தேன். அவனை மறைக்கத் தூண்டிய சொல்லும் என்னுடையதே.

தலையில் படும் அடியின் பாரதூரத்தைச் சட்டம் பயின்றவன் என்ற முறையில் இரண்டு மரண விசாரணைகளைக் கொண்டு விளக்க விரும்புகின்றேன். 1968ஆம் ஆண்டு எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் வெஸ்ட் புரொம்விச் அல்பியன் அணியின் வெற்றிக் கோலை அடித்தவர் ஜெஃப் ஆஸ்டில். பந்தைத் தலையால் அடிப்பதில் பெயர் பெற்றவர். 2002ஆம் ஆண்டு, 59 வயதில் மறைந்தார். அவருடைய மரணம் தொழில்வழி நோயால் ஏற்பட்டது என மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பந்தை மீண்டும் மீண்டும் தலையால் அடித்ததால் மூளைக்கு நேர்ந்த சேதமே அந்நோய்.

இரண்டாவது, 2011ஆம் ஆண்டு வட அயர்லாந்தில் பாடசாலை ரக்பி ஆட்டமொன்றில் அடிபட்டு உயிரிழந்த 14 வயது மாணவர் பற்றியது. ஒரே ஆட்டத்தில் தலையில் அடிபட்ட பின்னரும் அவர் தொடர்ந்து ஆடினார். முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது அதிர்ச்சி ஏற்பட்டதே மரணத்திற்குக் காரணம் என விசாரணையில் முடிவாயிற்று. விளையாட்டு வேறாயினும் மூளை ஒன்றே.

இத்தகைய துயரங்களின் பின்னரே விதிகள் மாறின. ஆரம்பப் பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியின்போது பந்தைத் தலையால் அடிக்கக் கற்பிக்கலாகாது என்ற வழிகாட்டல் இங்கிலாந்தில் 2020இல் வந்தது. 2024–25 பருவத்திலிருந்து போட்டிகளிலும் இது படிப்படியாக நிறுத்தப்படுகிறது. 9 வயதிற்குட்பட்டோர் வரையான பிரிவுகளில் தொடங்கி, 2026–27 பருவத்தில் 11 வயதிற்குட்பட்டோர் பிரிவு வரை இது விரிகிறது. ஆகவே சிறு பிள்ளைகளைப் பூங்காவில் நிறுத்தித் தலைக்குப் பந்தை எறிந்து பழக்கும் தந்தையர்கள் அதனைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கின்றேன். நாவாந்துறையிலும் குருநகரிலும் இளவாலையிலும் நீங்கள் அப்படித்தான் பழகியிருப்பீர்கள். அன்று எவருக்கும் தெரியாதது இன்று நமக்குத் தெரியும்.

மூளையதிர்ச்சி என்ற சொல் நம் வீடுகளில் புழங்குவதில்லை. “தலையில் சின்ன அடி” என்று சொல்லிக் கடந்துவிடுகின்றோம். நினைவிழந்தால் மட்டுமே மூளையதிர்ச்சி என்று எண்ணுதல் தவறு. பெரும்பாலானோர் நினைவிழப்பதில்லை. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், குழப்பம், மந்தமான பேச்சு, வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை, வழமைக்கு மாறான எரிச்சல் ஆகியவை அறிகுறிகள். 2023இல் வெளியான தேசிய வழிகாட்டல் சொல்வது இது:

ஐயம் எழுந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து வெளியேற்ற வேண்டும். அன்று மீண்டும் இறக்கலாகாது.

24 மணி நேரத்திற்குள் 111 என்ற இலக்கத்தை அழைத்து மருத்துவ ஆலோசனை பெற வேண்டும். முதல் 24 மணி நேரம் பிள்ளையைத் தனியே விடலாகாது.

நினைவிழப்பு, மீண்டும் மீண்டும் வாந்தி, கடுமையாகும் தலைவலி, வலிப்பு, கைகால் பலவீனம், இரட்டைப் பார்வை, கடும் கழுத்து வலி ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் உடனே 999ஐ அழைக்க வேண்டும்.

முதல் இரண்டு நாட்கள் ஓய்வாக இருந்து, தொலைபேசி, கணினித் திரைகளைக் குறைக்க வேண்டும். பின்னர் படிப்படியாக இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பலாம். போட்டிக்குத் திரும்புதல் 21ஆம் நாளுக்கு முன் கூடாது; அப்போதும் 14 நாட்கள் அறிகுறி எதுவும் இல்லாதிருந்திருக்க வேண்டும். 28 நாட்களுக்கு மேலும் அறிகுறிகள் நீடித்தால் குடும்ப வைத்தியரை நாட வேண்டும்.

இனி, மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் என் சொந்த வேண்டுகோள். காயம் பற்றிய உரையாடலில் உங்கள் பிள்ளையை உரைபெயர்ப்பாளராக ஆக்காதீர்கள். அப்பிள்ளையே நோயாளி; அப்பிள்ளையே சாட்சி. அடுத்த ஆட்டத்தில் இறங்க விரும்புபவனும் அவனே. பெரியவர்களுக்கே கடினமான நடுநிலைமையை அவனிடம் எதிர்பார்த்தல் நியாயமன்று. தேசிய சுகாதார சேவையில் உங்களுக்கு உரைபெயர்ப்பாளர் கட்டணமின்றி வழங்கப்படுவார். 111ஐ அழைக்கும்போதும் “தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும்” என்று கேட்கலாம். மைதானத்தில் எவரும் இல்லையெனில், சொன்னதை எழுத்தில் அனுப்புமாறு பயிற்றுநரிடம் கேளுங்கள். இளையோர் அணிகளை நடத்தும் கழகங்களில் பிள்ளைகளின் நலனுக்கெனப் பொறுப்பதிகாரி ஒருவர் இருப்பார். அவர் பெயரைப் பருவத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளுங்கள்.

அன்று அந்தச் சிறுவன் இன்னொரு கேள்வியும் கேட்டான். “அப்படியானால் நான் என்ன செய்ய வேண்டும்?” வீரர் அவனுக்கு விடையளிக்காமல், பின்வரிசைகளில் அமர்ந்திருந்த பெற்றோரை நோக்கிப் பேசினார். ஆட்டம் முடிந்து காரில் ஏறும் பிள்ளையிடம் முதலில் என்ன கேட்பீர்கள் என்று வினவினார். “வென்றாயா?” என்பதே பலருடைய விடை. “இனி, ‘எங்கேயாவது நோகிறதா?’ என்று முதலில் கேளுங்கள், விடையைக் கேட்டுக் கோபம் கொள்ளாதீர்கள்” என்றார்.

நான் அக்கேள்வியை என் மகனிடம் காலந்தாழ்த்தியே கேட்டேன். நீங்கள் வரும் ஞாயிற்றுக்கிழமையே கேட்கலாம்.