கிளை விழும் முன்னே



தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு வண்டலூர் உயிரியல் பூங்காவைத் தெரியாமல் இருக்காது. 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய சிறிய விலங்குக்காட்சிதான் அதன் முன்னோடி. அது சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறியது. கடைசியில் 1985 ஜூலையில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்ற பெயரில் வண்டலூரில் திறக்கப்பட்டது. பரப்பளவு 602 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1,490 ஏக்கர். இந்தியாவின் மிகப்பெரிய உயிரியல் பூங்காக்களில் ஒன்று.

அங்கே போனால் நாம் புலியைப் பார்க்கிறோம், யானையைப் பார்க்கிறோம். விடியற்காலையில் பாதையைக் கூட்டியவரையும், காய்ந்த கிளையை வெட்டியவரையும், கூண்டைக் கழுவிவிட்டவரையும் பார்ப்பதில்லை. இன்றைய உரை அவர்களைப் பற்றியது. இவ்வளவு பெரிய பூங்காவில் வேலை செய்கிறவர்கள் சாயங்காலம் முழு உடம்போடு வீடு திரும்ப என்ன செய்ய வேண்டும்?

பாதுகாப்பு என்றதும் தலைக்கவசம், கம்பூட், கையுறை ஆகியவைதான் நினைவுக்கு வரும். அவை தேவைதான். ஆனால் அவை கடைசி வரிசை. விபத்து நடக்குமா நடக்காதா என்பது பெரும்பாலும் முந்தின நாளே, வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மேசையில் தீர்மானமாகிவிடுகிறது.

ஓர் எளிய உதாரணம். வண்டலூர்ப் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. பாதைக்கு மேலே தொங்கும் பட்ட கிளையை ஞாயிற்றுக்கிழமை வெட்டினால், கீழே கூட்டத்தைத் தடுக்க நாலு பேர் வேண்டும். குழந்தை ஒன்று ஓடி வந்தால் மரத்தின் மேலே இருப்பவர் பதறுவார். அதே கிளையைச் செவ்வாய்க்கிழமை வெட்டினால் அந்த ஆபத்தே இல்லை. இதற்கு ஒரு ரூபாய் செலவு கிடையாது. எந்த வேலையை எந்த நாளில், எந்த நேரத்தில், யாரைக் கொண்டு செய்வது என்று யோசித்தால் போதும்.

ஆனால் எல்லா நாளும் செவ்வாய்க்கிழமையாக அமைவதில்லை. 2016 டிசம்பர் 12-ஆம் தேதியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். வண்டலூர்ப் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. வாரக்கணக்கில் பூங்கா மூடிக் கிடந்தது. புயல் அடிக்கும்போது எல்லோரும் உள்ளே ஒதுங்கிவிடுகிறோம். ஊழியர்களுக்கு உண்மையான ஆபத்து மறுநாள் காலையில், விழுந்த மரத்தை அறுக்கும்போதுதான் தொடங்குகிறது.

விழுந்த மரம் செத்த மரம் மாதிரிக் கிடக்கும். ஆனால் வளைந்து அழுந்திக் கிடக்கும் ஒவ்வொரு கிளையும் நாண் ஏற்றிய வில்தான். தப்பான பக்கத்தில் அறுத்தால் படீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தில் இன்னொரு சூதும் உண்டு. அடிமரத்தை அறுத்து எடுத்ததும், மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்ப்பகுதி சட்டென்று பழைய குழிக்குள் திரும்ப விழலாம். அந்தக் குழிக்குள் ஆள் நின்றால் கதை முடிந்தது. அதனால் வேருக்குப் பின்னால் யாரையும் விடக்கூடாது. மரத்தோடு மின்கம்பி சிக்கியிருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று மின்வாரியத்தின் உறுதி வரும்வரை ஒரு சுள்ளியைக்கூடத் தொடக்கூடாது. மரம் அறுக்கும் மிஷினைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்து அறுப்பதும், ஏணியில் நின்றபடி அறுப்பதும் ஆகவே ஆகாது.

இதெல்லாம் பழகிய கைக்குத் தெரியும். ஆனால் புயலுக்கு மறுநாள் வரும் அவசர ஆட்களில் எத்தனை பேர் பழகியவர்கள்? "சீக்கிரம், சீக்கிரம்" என்று மேலிருந்து போன் வரும்போது மேஸ்திரி என்ன செய்வார்? பாதையைத் திறப்பது ஒரு நாள் தள்ளிப்போனால் நஷ்டமில்லை என்று முதலில் சொல்ல வேண்டியவர் அதிகாரி. அவர் அதைச் சொல்லிவிட்டால், கீழே மிஷின் பிடித்திருப்பவருக்கு நிதானம் தானாக வரும்.

அடுத்தது வெயில். மீனம்பாக்கத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது என்ற செய்தியை நாம் வருஷா வருஷம் கேட்கிறோம். நம் ஊரில் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வேர்வை காயாது. வேர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. வெட்டவெளியில் புல் வெட்டுகிறவருக்கும் குழி தோண்டுகிறவருக்கும் இது உயிர்ப் பிரச்சினை. தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பணம் யாருக்குமே தேவைப்படாதபடி பார்த்துக்கொள்வதுதான் பூங்கா நிர்வாகத்தின் வேலை.

வெயிலில் அதிகம் விழுவது யார் தெரியுமா? வயதானவர்கள் என்று நினைப்போம். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு நிர்வாகம் வேறொன்றைச் சொல்கிறது. வேலையிடத்தில் வெப்பத்தால் இறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே இறக்கிறார்கள். 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும். ஆகவே புதிதாக வருபவருக்கு முதல் நாள் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூடுதல் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. நம் வழக்கமோ நேர் எதிர். புதுப் பையன் என்றால் கடினமான வேலையை அவன் தலையில் கட்டுவோம். நீண்ட லீவு முடிந்து திரும்பியவரையும் படிப்படியாகத்தான் வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. வெயிலில் கால் மணி, இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். கேன் வைத்துவிட்டோம், குடிக்காதது அவர்கள் பாடு என்று சில சூப்பர்வைசர்கள் சொல்வார்கள். கூட்டுகிற அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள். கழிப்பறை ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் எந்தப் பெண்ணும் தண்ணீர் குடிக்க மாட்டாள். 1,490 ஏக்கர் பூங்காவில் ஊழியர்களுக்குக் கழிப்பறை எங்கே என்பதும் பாதுகாப்புக் கேள்விதான். யாராவது பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உடனே நிழலுக்குத் தூக்கி வந்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

அடுத்தது பாம்பு. வண்டலூர், நன்மங்கலம், பள்ளிக்கரணை எல்லாமே காடும் ஏரியும் சதுப்பும் சூழ்ந்த பகுதிகள். பாம்பு இல்லாமல் இருக்காது. தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக 2024 நவம்பரில் அறிவித்தார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே முறிமருந்து இருக்கிறது. அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருபவர்களில் முக்கியமானவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். மாமல்லபுரம் வழியில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பூங்கா ஊழியருக்கு இதில் என்ன? சருகுக் குவியலில் வெறுங்கையை விடாதே, முதலில் குச்சியால் கிளறு. கணுக்காலுக்கு மேலே வரும் கம்பூட் போடு. இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதே. கடித்துவிட்டால் வாயால் உறிஞ்சுவது, பிளேடால் கீறுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நேரே மருத்துவமனை. குரோம்பேட்டையா, செங்கல்பட்டா, எது அருகில், அங்கே மருந்து இருப்பில் இருக்கிறதா என்பதை நிர்வாகம் முன்கூட்டியே கேட்டு எழுதி ஒட்டியிருக்க வேண்டும். கடித்த பிறகு போன் போட்டு விசாரிக்கும் விஷயம் இல்லை இது.

விலங்குகளோடு வேலை செய்கிற காப்பாளர்களுக்கு வேறு ஒழுங்கு. இரட்டைக் கதவு, ஒன்றைப் பூட்டாமல் மற்றொன்றைத் திறக்கக்கூடாது. விலங்கை எண்ணிப் பார்த்து, பூட்டை இழுத்துப் பார்த்து, அதன் பிறகே உள்ளே கால் வைக்க வேண்டும். ஆபத்தான விலங்கு என்றால் ஒருவர் தனியாகப் போகக்கூடாது. 2025 அக்டோபரில் வண்டலூர் சஃபாரிப் பகுதியில் விட்ட இளம் சிங்கம் ஒன்று இரவில் தன் கூண்டுக்குத் திரும்பவில்லை. டிரோன்களையும் கேமராக்களையும் வைத்துத் தேடினார்கள். சில நாளில் அது தானாகத் திரும்பிவிட்டது. புதரில் ஆளை இறக்கித் தேடுவதைவிட வானத்திலிருந்து கண்ணைச் செலுத்துவது எவ்வளவு மேல்!

இன்னொரு நினைவு கசப்பானது. 2021 ஜூனில், கொரோனா இரண்டாம் அலையின்போது, வண்டலூர்ச் சிங்கங்களுக்குத் தொற்று உறுதியானது. நீலா என்ற பெண் சிங்கமும் ஓர் ஆண் சிங்கமும் இறந்தன. அங்கே எப்படிப் பரவியது என்று நான் சொல்ல வரவில்லை. பொதுவான ஒன்றைச் சொல்கிறேன். காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவர் ஆசைப்பட்டு வருவதில்லை. வராவிட்டால் கூலி இல்லை. சம்பளத்தோடு ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் சக ஊழியருக்கும் பாதுகாப்பு, கூண்டுக்குள் இருக்கும் விலங்குக்கும் பாதுகாப்பு. மழைத் தண்ணீரில் நிற்பவர்களுக்கு எலிக் காய்ச்சல் பயமும் உண்டு. காலில் புண் உள்ளவரை அன்றைக்கு வேறு வேலைக்கு மாற்றிவிடலாமே.

பெரிய பூங்காக்களில் இன்று ஒப்பந்த ஆட்கள் நிறைய. "அவர் கான்ட்ராக்டர் ஆள்" என்று சொல்லி நிர்வாகம் கை கழுவ முடியாது. வேலை தரும் முதன்மை நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு என்ற கருத்து 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே இருந்தது. நிரந்தர ஊழியருக்குத் தோல் கையுறை, ஒப்பந்த ஊழியருக்குக் கிழிந்த துணி என்றால் முள்ளுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். கிளை ஒன்று ஓரடி தள்ளி விழும். பேட்டரி வண்டி உரசாமல் போகும். "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அங்கேதான் நிர்வாகம் நிறுத்திக் கேட்க வேண்டும். என்ன நடந்தது, எந்த இடம், ஏன்? திட்டுவதற்காக அல்ல, எழுதி வைப்பதற்காக. சொன்னவருக்கு வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால் அந்தப் புத்தகம் காலியாகவே இருக்கும். காலிப் புத்தகத்தைப் பார்த்து, இங்கே விபத்தே இல்லை என்று மேலதிகாரி மகிழ்ந்துபோகக்கூடாது.

நேயர்களே, வண்டலூர் பெரிய இடம். ஆனால் சின்னப் பூங்காக்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். தாம்பரம் மாநகராட்சி 2021-ல் உருவானபோது பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் என்று பல ஊர்கள் அதில் சேர்ந்தன. உங்கள் தெருமுனைப் பூங்காவும் அந்த ஊர்களில் ஒன்றில் இருக்கலாம். அங்கே மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தால், அது அவர் தேர்ந்தெடுத்த நேரமாக இருக்காது. நலச்சங்கக் கூட்டத்தில் அதைக் கேளுங்கள். காலை ஆறு மணிக்கு மாற்ற முடியுமா, தண்ணீரும் கழிப்பறையும் உண்டா, பாதுகாப்புக் கண்ணாடியும் கம்பூட்டும் கொடுத்தார்களா என்று கேளுங்கள். கேள்வி கேட்பவர் இருக்கிறார் என்று தெரிந்தால், வேலையைப் பிரிக்கும் அந்த மேசையில் பேனா கொஞ்சம் யோசித்து எழுதும்.