ஒரு தெனாரியமும் ஒரு பங்க் கடையும்: கிறித்தவ அறமும் இன்றைய நீதிக் கோட்பாடுகளும்



மறைந்த நம் தோழரின் நினைவைப் போற்றும் இந்த அரங்கில் இரண்டு உழைப்பாளிகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஒருவர் விவிலிய உவமையில் வருபவர். மற்றவர் சென்னைச் சாலையோரத்தில் செருப்பு தைத்தவர்.

மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் காலையிலிருந்து ஆள் எடுக்கிறார். மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் சிலர் நிற்கிறார்கள். தங்களை யாருமே வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். ஒரு மணி நேரம் மட்டும் உழைத்த அவர்களுக்கும் முழுநாள் கூலியான ஒரு தெனாரியம் கிடைக்கிறது. உழைத்த நேரத்தை அல்ல, அன்று இரவு வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதைக் கணக்கில் எடுக்கும் நீதி இது. அவர்கள் சோம்பேறிகள் அல்லர், கூப்பிடப்படாதவர்கள். இடஒதுக்கீட்டுக்கு எதிராகத் 'தகுதி' பேசுகிறவர்களுக்கு இந்த உவமையில் பதில் இருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். கூலியை முடிவு செய்பவர் தோட்டக்காரர். நாளை அவர் மனம் மாறினால்? தாராளம் கொடுப்பவர் கையில் இருக்கிறது. உரிமை பெறுபவர் கையில் இருக்க வேண்டும். அறத்தோடு நீதிக் கோட்பாடும் நமக்குத் தேவைப்படுவது இதனால்தான்.

ஜான் ரால்ஸ் 1971இல் 'அறியாமைத் திரை' என்றொரு யோசனையை முன்வைத்தார். நாம் எந்த வீட்டில், எந்த நிலையில் பிறப்போம் என்று தெரியாத இடத்தில் நின்றுகொண்டு சமூகத்தின் விதிகளை எழுத வேண்டும் என்றார். திருமுழுக்கும் ஏறக்குறைய இதே வாக்குறுதிதான்: பிறப்பு இனி கணக்கில் இல்லை. என் பாட்டிக்குத் திருமுழுக்குக் கொடுத்த அதே கோயில், அவர் இறந்தபோது கல்லறைச் சுவருக்கு அந்தப் பக்கம் குழி காட்டியது.

இனி அந்தச் செருப்புத் தொழிலாளி. ஆதிதிராவிடர், கிறித்தவர். சாலையோரத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை, இந்து அல்ல என்பதால் அவருக்கு இல்லை. காரணம், 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி. அதில் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் சேர்க்கப்படவில்லை. அந்தப் பத்தியை நீக்கலாம் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தும் பயனில்லை.

சூசை வழக்கு என்று நாம் அறியும் அவருடைய வழக்கில், 1985இல் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையுடன் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது.

சான்று கல்லறைச் சுவராக நின்றுகொண்டிருந்தது. சபைக்குள் சாதிப் பாகுபாடு உண்டு என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் 2016ஆம் ஆண்டுக் கொள்கை ஆவணமும் ஒப்புக்கொள்கிறது. எங்கள் ஊர்ச் சுவர் இன்னும் நிற்கிறது. பங்க் கடை கேட்டால், நீ கிறித்தவன் என்கிறது அரசு. சுவரைக் காட்டினால், நாமெல்லாம் கிறிஸ்துவில் ஒன்று என்கிறது சபை. இரண்டு சமத்துவங்களுக்கு நடுவில் நசுங்குகிறவர் ஒரே ஆள்.

நான்சி ஃபிரேசர் நீதிக்குப் பகிர்வு, அங்கீகாரம், பிரதிநிதித்துவம் என மூன்று முகங்கள் உண்டு என்கிறார். பங்க் கடை பகிர்வு. சுவரை இடிப்பது அங்கீகாரம். பங்குப் பேரவையிலும் ஆயர் நியமனத்திலும் நமக்கு இடம் இருப்பது பிரதிநிதித்துவம். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க நாம் விடக்கூடாது.

முழுமையான நீதிச் சமூகத்தின் வரைபடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம், கண்முன் இருக்கும் அநீதியை நீக்கத் தொடங்கலாம் என்று 2009இல் எழுதினார் அமர்த்திய சென். மாணவர்களிடம் நான் கேட்பதும் அதுதான். உங்கள் ஊர்க் கல்லறை, தேர்த் திருவிழா, பங்குப் பேரவை மூன்றையும் பதிவு செய்யுங்கள். யாருக்கு எந்த இடம் என்று, ஆண்டோடும் படத்தோடும் எழுதி வையுங்கள். நீதிமன்றம் கேட்டது சான்று. இனி ஒருவர் அங்கே தனியாக, வெறுங்கையோடு போய் நிற்கக்கூடாது.

ஜெய்பீம்.