ஃபோர்க் ஆயில் சீல்
மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கி நிற்பது ஃபோர்க். அதனுள் ஸ்பிரிங்கும் எண்ணெயும் இருக்கும். குரோமியம் பூசிய குழாய் ஏறி இறங்கும்போது அந்த எண்ணெயை வெளியே விடாமல் காப்பது ஒரு ரப்பர் வளையம். அதுதான் ஆயில் சீல்.

1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் புல்லட் வண்டிகளைத் தயாரித்த திருவொற்றியூரில் இந்த வளையத்துக்குச் சோதனை அதிகம். கடற்காற்றின் உப்பு குரோமியத்தில் பொடிப்பொடியாகத் துருப்பள்ளங்களை உண்டாக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் சேர்ந்து சீலின் உதட்டை அறுத்துவிடும்.

குழாயைச் சுற்றி எண்ணெய்க் கறையும் அதில் அப்பிய கரும்புழுதியும் தெரிந்தால் கசிவு தொடங்கிவிட்டது. டிஸ்க் பிரேக் வண்டியில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. எண்ணெய் பிரேக் பேடில் பட்டால் பிடிப்பு போய்விடும்.

மணல் மட்டும் சிக்கியிருந்தால், புழுதியைத் தடுக்கும் டஸ்ட் சீலை நகர்த்தி, மெல்லிய பிளாஸ்டிக் துண்டை உள்ளே விட்டுச் சுற்றி எடுத்தாலே சில சமயம் கசிவு நிற்கும். சீல் கிழிந்திருந்தால் ஃபோர்க்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பழைய எண்ணெயை வடித்து, பூட்டு வளையத்தை எடுத்தபின் சீல் வெளியே வரும். புதியதன் உதட்டில் ஃபோர்க் ஆயில் தடவி, சாயாமல் தட்டி இறக்க வேண்டும்.

அதற்கு முன் குழாயை நகத்தால் வருடிப் பார்ப்பது அவசியம். சிறு சொரசொரப்பை நைஸ் எமரி பேப்பரால் தேய்க்கலாம். நகம் இடறும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் குழாயையே மாற்ற வேண்டும்; இல்லாவிட்டால் புது சீலும் சீக்கிரம் கிழியும். இரு பக்கச் சீல்களையும் ஒன்றாக மாற்றி, கையேட்டில் சொன்ன எண்ணெயை இரு பக்கமும் சம அளவில் ஊற்ற வேண்டும்.